காவல் இல்லாத வரிசை

டிசம்பர் இருபத்து நான்கு.
குவோபியோவில் இரண்டே முக்காலுக்கே
பொழுது கடையைக் கட்டிவிட்டது.
ஊரே சவுனாவுக்கு விறகு அடுக்கும் நேரம்,
உறைந்த ஏரியின் ஓரமாய்
உதைசறுக்கு வண்டியில் வருகிறாள் ஐலா ரைசானென்.
உயிரணுக்களுக்குப் பண்டிகை கிடையாது.
ஒன்று விட்டு ஒருநாள்
பழைய இளஞ்சிவப்புக் கஞ்சியை உறிஞ்சிவிட்டுப்
புதியது ஊற்ற வேண்டும்.

வெளியே கழித்தல் இருபத்திரண்டு.
அலமாரியைத் திறந்தால்
ஓர் உடம்பின் சூடு முகத்தில் அடிக்கிறது.

குடலின் உள்தோல் போல வளர்கிறவை இவை.
யாரோ ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்தது.
எழுபத்திரண்டு வயது என்பதோடு சரி,
பெயர் அவளிடம் வந்து சேரவில்லை.
குடியிருந்தவர் போய்விட்டார்.
தடியைத் தட்டிக்கொண்டு
இரவுக் காவலாளி மட்டும் நடக்கிறான்.

உடம்புக்கு ஒன்பது வாசல் என்று
எண்ணிச் சொன்னவர்கள்
குடலுக்குள் இறங்கிப் பார்த்ததில்லை.
இங்கே சுவர் முழுக்க வாசல்.
அதில் ஒரு புரதத்துக்கு ஒரே வேலை,
நுழைந்ததைக் கழுத்தைப் பிடித்து
வெளியே தள்ளுவது.
நஞ்சா மருந்தா என்று கேட்காது.
கேட்கும் அளவுக்கு அதற்கு மூளை கிடையாது.
கேட்டுக்கொண்டு நின்றிருந்தால்
நாம் இத்தனை காலம் பிழைத்திருக்க மாட்டோம்.

மேல் வரிசை ஆறு கிண்ணம், காவல் உண்டு.
கீழ் வரிசை ஆறு,
அந்த ஒரு மரபணுவை
உர்மாஸ் கத்தரித்து எறிந்தவை.
மற்றபடி அச்சு அசல்.

இருபத்தொன்றாம் நாள்.
குச்சி மின்முனையால் ஒவ்வொன்றையும்
தொட்டுக் கேட்டாள்.
சந்து இல்லை, ஒழுக்கு இல்லை.
பிறகு டிகாக்சின்:
ஊதாப்பூச் செடி ஒன்றின் நஞ்சு,
அளந்து கொடுத்தால் இதயத்துக்கு மருந்து.
மேலே ஊற்றிக் கீழே எவ்வளவு,
கீழே ஊற்றி மேலே எவ்வளவு.
இரண்டு மணி நேரம்.
அரை மணிக்கு ஒரு துளி.

காவல் உள்ள வரிசையில்
போனது ஒரு பங்கென்றால் திரும்பியது பதினொன்று.
காவல் இல்லாததில்
போக ஒன்று, வர ஒன்று.

உர்மாஸ் மேசையைத் தட்டினான்.
எஸ்தோனிய மொழியில் ஏதோ சொன்னான்,
வசவாகவும் இருக்கலாம்.
"தடுக்க ஆளே இல்லை, ஐலா!
இனி எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும்
தள்ளியது யார் என்று காட்டிவிடலாம்."

அவள் குழாய்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

போன மார்ச்சில் அவளுக்கு நெஞ்சுச்சளி.
அதற்குக் கொடுத்த மாத்திரை
உள்ளே காவலாளியின் கையைக் கட்டிவிட்டது.
யாருக்கும் தெரியாது.
இதயத்துக்கு வழக்கமான மாத்திரை,
வழக்கமான அளவு.
ஆறாம் நாள் காலை
ஏரியின் மேல் பனி மஞ்சளாக இருந்தது.
கூரை மஞ்சள். பால் மஞ்சள்.
கண் டாக்டர் கண்ணில் குறை இல்லை என்றார்.
அன்றிரவு வாந்தி.
ஆம்புலன்ஸில் நாடி முப்பத்தெட்டு.

உர்மாஸிடம் இதைச் சொன்னதில்லை.
சொன்னால்
ஆய்வேட்டின் முன்னுரையில் போட்டுவிடுவான்.

நோட்டில் எழுதினாள்:
கீழ் வரிசை, ஒன்று. சரி.
கையுறையைக் கழற்றினாள்.
ஓய்வறையில், கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பா.
புட்டியின் மேல் இருந்த அதே பெயர்.
ஆறிய காப்பியோடு விழுங்கினாள்.
எங்கோ உள்ளே அந்த மூடன்
இதிலும் கொஞ்சத்தைத் தூக்கி எறிவான்.
எறியட்டும்.
அவனையும் கணக்கில் வைத்துத்தான்
டாக்டர் அளவு எழுதியிருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே
விளக்குக் கம்பத்தின் அடியில் பனி.
வெள்ளை.
கம்பத்தின் வெளிச்சம் மஞ்சளோ என்று
இன்னொரு தரம் பார்த்தாள்.
வெள்ளைதான்.